கட்டிங் மிஷின் நின்றுபோனால் சுவரிலிருந்து தொடங்குங்கள்

மலேசியாவில், இப்போது பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிய பத்தாங் பெர்ஜுந்தையில், என் கிரில் பட்டறைக்குப் பழுதுபார்க்க வரும் இரும்பு வெட்டும் கட்டிங் மிஷின்களில் பாதிக்கு மேல் ஒரே பேச்சோடுதான் வந்து இறங்கும்: "அண்ணே, மோட்டார் போச்சு." திறந்து பார்த்தால் மோட்டாருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. பிளக்குக்குள் ஃபியூஸ் போயிருக்கும், ஒயர் கைப்பிடியருகே உள்ளுக்குள் அறுந்திருக்கும், அல்லது சுற்றும் மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்து முடிந்திருக்கும். சில வெள்ளியில் (ரிங்கிட்டில்) முடிகிற வேலை. அதற்காகப் புது மிஷின் வாங்கியவர்களையும் பார்த்திருக்கிறேன். மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரு மிஷின் வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் கிரில், கூரை வேலை செய்து பிழைக்கும் தோட்டத்துப் பிள்ளைகள் இங்கே நிறைய. அவர்கள் வீண்செலவு செய்யக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் பேசுவது 14 இஞ்ச் டிஸ்க் போடும் சாதாரண கட்டிங் மிஷினைப் பற்றி. டிஸ்க் 355 மி.மீ., நடு ஓட்டை 25.4 மி.மீ., மோட்டார் 2,000 வாட்டை ஒட்டி, சுமையில்லாமல் ஓடும்போது நிமிடத்துக்கு ஏறக்குறைய 3,900 சுற்று. எந்தக் கம்பெனி மிஷினாக இருந்தாலும் உள்ளே அமைப்பு ஒன்றுதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே சொல்லும் எந்த வேலைக்கும் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். சுவிட்சை அணைத்தால் போதாது. பிடுங்கிய பிளக் உங்கள் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் கிடக்கட்டும். திரும்பச் சொருகும் முன் கைப்பிடியில் உள்ள லாக் பொத்தான் அழுந்திய நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். அது அழுந்தியிருந்தால், சொருகிய நொடியே மிஷின் தானாக ஓடத் தொடங்கும்.

தூசியும் ஈரமும்

இந்த மிஷினுக்கு எதிரி அதுவே உண்டாக்கும் தூசிதான். மோட்டாரைக் குளிரவைக்க உள்ளே ஒரு விசிறி சுற்றுகிறது. அது இழுக்கும் காற்றோடு இரும்புத்தூளும் உள்ளே போகும். மரத்தூள் என்றால் அடைப்பு மட்டும்தான். இரும்புத்தூள் மின்சாரத்தைக் கடத்தும். மோட்டாரின் செம்புக் கம்பிச் சுற்றான காயலில் படிந்து, பிரஷ் கூட்டுக்குள் புகுந்து, ஒருநாள் கரண்ட் போகக்கூடாத வழியில் போகும். நம் ஊர் ஈரம் இதை இன்னும் மோசமாக்குகிறது. மத்தியானம் மூன்று மணிக்கு மேல் இடி மின்னலோடு கொட்டும் மழையில், பட்டறை வாசலில் கிடக்கும் மிஷின் மேல் சாரல் அடித்தால், தூளும் தண்ணீரும் சேர்ந்து மறுநாள் காலை, கரண்ட் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஈ.எல்.சி.பி.யைத் தட்டிவிடும்.

அதனால் தினமும் வேலை முடிந்ததும் கம்பிரசர் காற்றால் மிஷினை ஊத வேண்டும். அழுத்தத்தைக் குறைத்து வைத்து, துளைகள் வழியே தூள் வெளியே பறக்கும்படி ஊதுங்கள். முழு அழுத்தத்தில் பக்கத்தில் பிடித்து அடித்தால் தூள் இன்னும் ஆழமாகப் போய் பேரிங்குக்குள் உட்கார்ந்துவிடும். கண்ணாடியும் முகமூடியும் போட்டுக்கொள்ளுங்கள், பறப்பது இரும்பு. காற்றுத் துளைக்குள் ஆணியோ கம்பியோ விட்டுக் குத்த வேண்டாம். கம்பிரசர் இல்லாதவர்கள் காய்ந்த பெயின்ட் பிரஷால் துடைத்துவிட்டு, வாரம் ஒருமுறை டயர் கடைக்குக் கொண்டுபோய் ஊதிக்கொள்ளலாம்.

இரும்பை இறுக்கிப் பிடிக்கும் வைஸின் திருகுத் தண்டை இரும்புப் பிரஷால் தேய்த்து ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். மோட்டாரும் டிஸ்க்கும் உள்ள தலை ஏறி இறங்கும் மூட்டு ஆணிக்கும் அப்படியே. டிஸ்க் மேல் மட்டும் எண்ணெய் படவே கூடாது. வெட்டி முடித்துக் கையை விட்டால் தலை தானாக மேலே எழ வேண்டும். எழாமல் பாதியில் நின்றால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது, மாற்றிவிடுங்கள். அப்படியே ஓட்டினால், இரும்பை மாற்றக் கையை நீட்டும்போது டிஸ்க் கைக்குப் பக்கத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்.

மிஷினை மேசை மேலோ பலகை மேலோ வைத்து, துணியால் மூடி வைக்கவும். பிளாஸ்டிக்கால் இறுக்கி மூடினால் உள்ளே வியர்க்கும். இடி இடிக்கிற நேரத்தில் பிளக் சுவரில் இருக்கக்கூடாது.

தீப்பொறி போகும் திசையையும் சொல்ல வேண்டும். அது மிஷினுக்குப் பின்னால் பல அடி தூரம் பறக்கும். அங்கே தின்னர் டின், கோணிச் சாக்கு, காய்ந்த செம்பனை மட்டை, லாலாங் புல் எதுவும் இருக்கலாகாது. பின்னால் ஒரு துத்தநாகத் தகட்டைச் சாய்த்து வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

டிஸ்க்கை நம்புவதற்கு முன்

மோட்டார் போனால் பணம்தான் போகும். டிஸ்க் உடைந்தால் ஆளே போகலாம். 355 மி.மீ. டிஸ்க் 3,900 சுற்றில் ஓடும்போது அதன் விளிம்பு மணிக்கு ஏறக்குறைய 260 கி.மீ. வேகத்தில் போகிறது. நெடுஞ்சாலையில் நமக்கு அனுமதி 110 தான். அந்த வேகத்தில் ஒரு துண்டு பிய்ந்து வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்த டிஸ்க் இரும்பை அரைக்கும் துகள்களைப் பிசினால் ஒட்டி, இடையில் கண்ணாடி நார் வலை வைத்துச் செய்தது. ஈரம் ஏற ஏற அந்தப் பிசின் வலுவிழக்கும். அதனால்தான் நடு வளையத்தில் மாதமும் வருடமும் அச்சடித்திருப்பார்கள். அது காலாவதி நாள். தயாரித்து மூன்று வருடம் என்பதே வழக்கமான கணக்கு. கடையில் மலிவாகக் கிடைக்கிறது என்று பெட்டியோடு வாங்கும் முன் அந்த வளையத்தைத் திருப்பிப் பாருங்கள். வாங்கிய டிஸ்குகளைத் தட்டையாக, ஒன்றின் மேல் ஒன்றாக, காய்ந்த இடத்தில் அடுக்குங்கள். சுவரில் சாய்த்து நிறுத்தினால் வளையும். சிமெண்ட் தரையில் போட்டால் ஈரம் ஏறும். மிஷினோடு சேர்த்து மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு தோட்டத்துப் பாதையில் குலுங்கிப் போன டிஸ்க்கை நான் போடமாட்டேன். விரிசல் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும்.

டிஸ்க்கில் எழுதியிருக்கும் உச்ச வேகம் மிஷின் தகட்டில் உள்ள வேகத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். 14 இஞ்ச் டிஸ்க்கில் பெரும்பாலும் 4,300 அல்லது அதற்குச் சற்று மேல், விளிம்பு வேகம் வினாடிக்கு 80 மீட்டர் என்று இருக்கும். இங்கே பெரிய ஆபத்து ஒன்று உண்டு. பல் வைத்த கார்பைடு பிளேடு போட்டு இரும்பு வெட்டும் மிஷின்களும் இப்போது வருகின்றன. அவை நிமிடத்துக்கு 1,300 முதல் 1,500 சுற்றுதான் ஓடும். பார்க்க இதே மாதிரி இருக்கும், ஓட்டையும் பொருந்தும். அந்தப் பிளேடை நம் மிஷினில் மாட்டினால் அதன் அளவைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் வேகத்தில் சுற்றி, பற்கள் பிய்ந்து பறக்கும். மரம் அறுக்கும் பிளேடுக்கும் இதே சட்டம்தான். இந்த மிஷினில் பல் வைத்த எதையும் மாட்டாதீர்கள்.

டிஸ்க்கை மாட்டும்போது அதை இரு பக்கமும் கவ்வும் தட்டுகளைத் துடைத்து, அவற்றில் ஒட்டிய பழைய பிசுக்கைச் சுரண்டி எடுங்கள். ஒரு மணல் அளவு தூசி இருந்தாலும் டிஸ்க் ஆடும். டிஸ்க்கில் ஒட்டியிருக்கும் காகித லேபிளைக் கிழிக்க வேண்டாம். தட்டின் அழுத்தத்தைச் சமமாகப் பரப்புவது அதுதான். போல்ட்டை மிஷினோடு வந்த சாவியால் கையளவு பலத்தில் இறுக்கினால் போதும். சாவிக்கு மேல் பைப்பை மாட்டி நெம்பினால் டிஸ்க் நடுவில் வெடிக்கும். பிறகு கவசத்தை இறக்கி, பக்கவாட்டில் நின்று, ஒரு நிமிடம் வெறுமனே ஓட விடுங்கள். உடைகிற டிஸ்க் பெரும்பாலும் அந்த ஒரு நிமிடத்திலேயே உடைந்துவிடும். டிஸ்க்குக்கு நேர்க்கோட்டில் எப்போதும் நிற்காதீர்கள்.

தைப்பூசத்துக்கு முந்தைய வாரங்களில் காவடிச் சட்டத்துக்கென்று அலுமினியம் பைப்பைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகள் வருவார்கள். "ரெண்டு வெட்டு வெட்டிக் குடுங்கண்ணே" என்பார்கள். சாமி காரியம், மறுக்க மனம் வராது. ஆனால் இந்த டிஸ்க்கில் அலுமினியத்தை வெட்டமாட்டேன். அலுமினியம் இளகி டிஸ்க்கின் மேல் அப்பிக்கொள்ளும். அதன்பின் டிஸ்க் வெட்டாது, தேய்க்கும், சூடேறும், வெடிக்கும். அலுமினியத் தூளும் துருத்தூளும் கலந்து கிடக்கும் குவியலில் பொறி விழுந்தால் பிடிக்கும் நெருப்பு மிகக் கொடியது, தண்ணீருக்கு அடங்காது. அந்தப் பைப்பைக் கை ரம்பத்தால் அறுத்துக் கொடுக்கிறேன். நேரம் பிடிக்கும், பரவாயில்லை.

வெட்டும் கையில்தான் பாதிப் பழுது

எல் வடிவ ஆங்கிள் இரும்பைப் பலரும் ஒரு பக்கத்தைத் தரையில் படுக்கவைத்து வெட்டுகிறார்கள். அப்போது டிஸ்க் முழு அகலத்தையும் ஒரே நேரத்தில் தின்ன வேண்டியிருக்கும். மோட்டார் திணறும், டிஸ்க் மழுங்கும். கூரை மாதிரி முதுகு மேலே பார்க்கக் கவிழ்த்து வைத்தால் எந்த நேரத்திலும் மெல்லிய இரும்பு மட்டுமே டிஸ்க்குக்கு எதிரில் இருக்கும். பிளாட் பாரையும் முடிந்தவரை நிறுத்தி வைத்துப் பிடியுங்கள்.

நீளமான ஹாலோவின் (உள்ளே வெற்றிடமான சதுர இரும்புக் குழாயின்) மறுமுனை தொங்கினால், வெட்டு முடியும் தறுவாயில் இரும்பு வளைந்து டிஸ்க்கைக் கவ்விக்கொள்ளும். மிஷின் படுக்கையின் உயரத்துக்குச் சரியாக ஒரு மரக்கட்டையை வெட்டி, மறுமுனைக்கு முட்டுக் கொடுங்கள். வைஸில் மாட்டும் பக்கம் இறுக்கமாக இருக்கட்டும். அறுந்து விழும் துண்டு தடையில்லாமல் விழட்டும்.

அழுத்தும் பலத்தைக் காது சொல்லும். இரும்பைத் தொட்டதும் சத்தம் கொஞ்சம் இறங்கும், அது சரி. இறங்கி, முனகி, இழுக்க ஆரம்பித்தால் கையைத் தளர்த்துங்கள். மோட்டார் மூச்சு விட்டதும் திரும்ப அழுத்துங்கள். மிக மெதுவாகத் தடவிக்கொண்டே இருப்பதும் தவறு. டிஸ்க் பளபளவென்று மழுங்கி, வெட்டிய விளிம்பு நீலமாகக் கருகும். வெட்டு முடிந்த பின் உடனே அணைக்காமல் கொஞ்ச நேரம் வெறுமனே ஓட விட்டால் விசிறி மோட்டாரைக் குளிரவைக்கும்.

துத்தநாகம் பூசிய ஜி.ஐ. பைப் வெட்டும்போது வரும் வெள்ளைப் புகை துத்தநாகம். அடைத்த இடத்தில் அதைச் சுவாசித்தால் இரவில் குளிர்காய்ச்சல் வரும். பால் குடித்தால் சரியாகும் என்ற நம்பிக்கை இங்கேயும் உண்டு. பால் அந்தப் புகையைத் தடுக்காது. கதவைத் திறந்து வையுங்கள், விசிறியை உங்கள் முதுகுப் பக்கம் வையுங்கள், அதற்கேற்ற முகமூடி போடுங்கள்.

ஓடவே இல்லை என்றால்

செம்பனை ஆலைப் பட்டறையில் ஃபிட்டராக இருந்த காலத்தில் கற்ற பழக்கம் இது. கரண்ட் வரும் வழியிலேயே நீங்களும் நடந்து வாருங்கள். மிஷினைக் கழற்றுவது கடைசி.

முதலில் சுவர். அதே சாக்கெட்டில் வேறு ஒரு சாமானைப் போட்டுப் பாருங்கள். அடுத்தது பிளக். நம் 13 ஆம்பியர் பிளக்குக்குள் ஒரு ஃபியூஸ் இருக்கிறது. 230 வோல்ட்டில் 2,000 வாட் மிஷின் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும், தொடக்க நொடியில் அதைவிட அதிகம். அந்த ஃபியூஸ் போனால் அதே 13 ஆம்பியர் ஃபியூஸைத்தான் போட வேண்டும். வெள்ளி காகிதம் சுற்றுவது, ஆணி வைப்பது எல்லாம் வீட்டைக் கொளுத்தும் வேலை. பிளக்கைத் திறந்திருக்கும்போதே உள்ளே ஒயரைப் பிடிக்கும் திருகுகளையும் இறுக்குங்கள். திருகு தளர்ந்தால் அந்த இடம் சூடாகி, பிளக்கின் உடம்பு பழுப்பாக மாறும். பழுப்பான பிளக்கைத் தூக்கிப்போடுங்கள்.

மூன்றாவது ஒயர். எக்ஸ்டென்ஷன் போட்டிருந்தால் அதை எடுத்துவிட்டு நேராகச் சுவரில் சொருகுங்கள். இப்போது ஓடினால் குற்றவாளி எக்ஸ்டென்ஷன்தான். மேசை விளக்குக்கு விற்கும் மெல்லிய ஒயரில் 30 மீட்டர் இழுத்தால் மிஷினுக்கு வோல்ட் குறைந்து போய்ச் சேரும். மோட்டார் முக்கிக்கொண்டு தொடங்கும், சூடாகும். நீள ஒயர் வேண்டுமென்றால் 2.5 சதுர மி.மீ. வாங்குங்கள். சுருளில் வருவதை முழுக்க அவிழ்த்துப் போட்டுத்தான் ஓட்ட வேண்டும். சுருண்டிருக்கும் ஒயர் உள்ளுக்குள் வெந்து உருகும். மிஷினின் சொந்த ஒயர் பெரும்பாலும் கைப்பிடிக்குள் நுழையும் ரப்பர் மூக்கருகே அறுந்திருக்கும். ஒயரைப் பிடித்துத் தூக்குவதால் வருவது அது. மல்டிமீட்டரைத் தொடர்ச்சி ஒலிக்கும் (வழி அறுபடாமல் இருந்தால் ஒலி எழுப்பும்) நிலையில் வைத்து, ஒயரை வளைத்து வளைத்துப் பார்த்தால் எந்த இடம் என்று தெரிந்துவிடும். அந்த இடத்தைத் தாண்டி பிளக் பக்கமாக வெட்டி, மிச்ச ஒயரைத் திரும்ப மிஷினில் இணைத்துவிடலாம்.

நான்காவது சுவிட்ச். அழுத்தும்போது மல்டிமீட்டர் ஒலிக்க வேண்டும், விட்டதும் நிற்க வேண்டும். அழுத்தினால் சில நேரம் மட்டும் ஓடுகிறது என்றால் உள் முனைகள் கருகியிருக்கின்றன. அதே ஆம்பியர் அளவில் புதுசு போடுங்கள்.

ஐந்தாவது கார்பன் பிரஷ். மோட்டாரின் இரு பக்கமும் வட்ட மூடிகள் இருக்கும். அகலமான ஸ்குரூடிரைவரால் திருகினால் மூடி உடையாமல் வரும். பிரஷை எடுக்கும்போது எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள், திரும்ப அப்படியே போக வேண்டும். தேய்மானக் கோடு இருந்தால் அதுவரை, கோடு இல்லை என்றால் 6 மி.மீ. அளவுக்குக் குறைந்ததும் மாற்ற வேண்டும். ஒன்று நன்றாக இருந்தாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். நீளம் இருந்தும் ஓடவில்லை என்றால், தூள் அடைத்து பிரஷ் கூட்டுக்குள் சிக்கியிருக்கும். காய்ந்த துணியால் துடைத்து, தானாக வழுக்கி இறங்குகிறதா என்று பாருங்கள். ஸ்பிரிங் நீலம் பாய்ந்திருந்தால் அதன் பலம் போய்விட்டது. புதுப் பிரஷ் போட்ட பின் உடனே இரும்பை வெட்ட வேண்டாம். டிஸ்க்கோடு பத்து நிமிடம் சுமையில்லாமல் ஓட விட்டால் பிரஷின் முகம், அது உரசும் செம்புத் தகடுகள் கொண்ட கம்யூட்டேட்டருக்குப் பொருந்திக்கொள்ளும்.

இந்த ஐந்தும் சரியாக இருந்து இன்னும் ஓடாவிட்டால்தான் ஆர்மேச்சர் (மோட்டாருக்குள் சுற்றும் பாகம்), காயல் என்று பேச வேண்டும்.

ஓடுகிறது, ஆனால்…

காற்றுத்துளை வழியே பார்க்கும்போது பிரஷ் அடியில் சின்ன நீலப் பொறி தெரிவது இயல்பு. கம்யூட்டேட்டரைச் சுற்றி ஆரஞ்சு வளையமாகத் தீ ஓடினால் உடனே நிறுத்துங்கள். பிரஷ் தேய்ந்திருக்கலாம், கம்யூட்டேட்டர் அழுக்காகியிருக்கலாம். பழுப்பு நிறப் பளபளப்பு நல்லது, அதைத் தேய்த்து எடுக்க வேண்டாம். கருப்பாகச் சொரசொரவென்று இருந்தால் மிக நைசான மணல்தாளால் துடைத்து, ஊதிவிடுங்கள். எமரி தாள் வேண்டாம். அதன் துகள் கரண்டைக் கடத்தும், செம்புத் தகடுகளின் இடையில் சிக்கினால் ஷார்ட்டாகும். சுத்தம் செய்தும் வளையத் தீ நிற்கவில்லை என்றால் மல்டிமீட்டரால் அடுத்தடுத்த தகடுகளை அளந்து பாருங்கள். சுற்றிலும் ஒரே அளவு வர வேண்டும். ஓரிடத்தில் மட்டும் மாறினாலும், எந்தத் தகட்டிலிருந்தாவது நடுத்தண்டுக்குத் தொடர்ச்சி ஒலித்தாலும் ஆர்மேச்சர் போய்விட்டது.

மிஷின் அதிர்கிறது என்றால் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். அதிர்வு நின்றால் டிஸ்க்கோ தட்டோதான் காரணம். நிற்கவில்லை என்றால் பேரிங். பிளக் பிடுங்கிய நிலையில் தண்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் ஆட்டம் தெரியும், கையால் சுற்றினால் கரகரக்கும். பேரிங்கின் பக்கத்தில் எண் பொறித்திருக்கும். அதே எண்ணில், இரண்டு பக்கமும் ரப்பர் மூடி உள்ளதை வாங்குங்கள். இந்தத் தூசிக்குத் திறந்த பேரிங் தாங்காது. கியர் பெட்டி திறந்தால் பழைய கிரீஸை முழுக்க வழித்து எடுத்து, பெட்டியில் பாதி அளவு மட்டும் புதுசு வையுங்கள். நிறைய அடைத்தால் சூடேறி மோட்டார் பக்கம் கசியும்.

வெட்டு கோணலாக வருகிறதா? வைஸ் மேல் பொறித்திருக்கும் 90 கோட்டை நம்ப வேண்டாம். மூலைமட்டத்தை டிஸ்க்குக்கும் வைஸ் தாடைக்கும் இடையில் வைத்துச் சரிபார்த்து இறுக்குங்கள். மேலிருந்து கீழாகக் கோணல் என்றால் கை அதிகமாக அழுத்தி டிஸ்க் வளைகிறது, அல்லது மூட்டு ஆணி தேய்ந்து தலை ஆடுகிறது. டிஸ்க் சின்னதாகித் தேய்ந்த பின் இரும்பு முழுக்க அறுபடவில்லை என்றால், இரும்புக்கு அடியில் தட்டையான ஒரு துண்டு வைத்து உயர்த்தி, சேர்த்து இறுக்கிக்கொள்ளலாம். தலையைத் தடுக்கும் போல்ட்டை இறக்கிவிட்டு, அடுத்து புது டிஸ்க் போடும்போது அதைத் திரும்ப ஏற்ற மறந்தால் டிஸ்க் படுக்கையையே வெட்டும்.

ஈ.எல்.சி.பி. தட்டுகிறது என்றால் எப்போது தட்டுகிறது என்று கவனியுங்கள். சொருகியதுமே தட்டினால் ஒயர் அல்லது சுவிட்ச். அழுத்தும்போது தட்டினால் மோட்டாருக்குள் தூளும் ஈரமும். ஊதி, வெயிலில் ஒருநாள் காயவைத்த பின் கரண்ட் கசிவைக் காட்டும் 500 வோல்ட் மெக்கர் மீட்டரால் அளக்கச் சொல்லுங்கள். 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் அந்த மிஷினை ஓட்டக்கூடாது. ஈ.எல்.சி.பி.யைத் தாண்டி ஒயர் இழுத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், அவர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஆர்மேச்சரும் காயலும் சேர்ந்து எரிந்த மிஷினுக்குத் திரும்பக் காயல் சுற்றக் கேட்கும் கூலி, புது மிஷின் விலையில் பாதியைத் தாண்டினால் நான் செய்யச் சொல்லமாட்டேன். அந்தப் பழைய மிஷினின் வைஸ், கவசம், தட்டுகள், போல்ட், சாவி எல்லாவற்றையும் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். கடையில் தனியாகக் கேட்டால் சுலபத்தில் கிடைக்காத சாமான்கள் அவை.